நான்கை இரண்டாகத் தட்டியவள்

அண்ணே,

இந்த வாரம் ஜார்ஜ்டவுன் முழுக்கப் புகை. எங்கோ காடு எரிகிறதாம்; பக்கத்து நாட்டுப் புகை என்று வானொலி அலுக்காமல் சொல்கிறது. காலையில் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, உங்கள் சாம்பல் அட்டையையும் எடுத்துப் போனேன்.

வெளிர் சாம்பல் முதல் கறுப்பு வரை, ஒன்று முதல் ஐந்து என்று எண்ணிட்ட ஐந்து கட்டங்கள். மின்நிலைய முற்றத்தில் நின்று, அதைப் புகைபோக்கிக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பீர்கள். அலுவலகத் தட்டச்சராக, அந்த எண்ணை மாத அறிக்கையில் தட்டுவது என் வேலை.

அப்போது உலகம் சூடாகிறது என்ற பேச்சு செய்தித்தாளுக்கு வந்த புதிது. வெள்ளைக்காரன் நூறு வருடம் புகைத்துப் பணக்காரன் ஆனான், இப்போது நம் புகையை எண்ண வருகிறான் என்றார் மேலாளர், ஊழியர் கூட்டத்தில். எல்லோரும் கைதட்டினோம். அதில் நியாயமும் இருந்தது. தட்டாதவர் நீங்கள் ஒருவர்தான். பிறகு தேநீர் குடிக்கும்போது, "அவன் புகைச்சது பொய் இல்ல லா, தங்கச்சி. ஆனா கரி விழுறது நம்ம வீட்டுத் துணியில," என்றீர்கள்.

சுதந்திர மாதம். கட்டடம் முழுக்கக் கொடி. நீங்கள் நான்கு என்று எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி.யோடு வாழ்ந்தவர் நீங்கள். குடியுரிமை மனு மூன்றாவது முறையாகப் போயிருந்தது. மேலாளரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். நாட்டு மின்சாரத்தில் குறை தேடுகிறவருக்கு அவர் கொடுப்பாரா? உங்களைக் கேட்காமலே நான்கை இரண்டாகத் தட்டினேன்.

கடிதம் கிடைத்தது. மறு வருடம் குடிமக்களுக்கான நீல ஐ.சி.யும் வந்தது. அன்று சூலியா தெருவில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்தீர்கள். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் சொன்னீர்கள்: "அந்த மாச ரிப்போர்ட்ட நான் பாத்தேன், தங்கச்சி. அப்ப நான் வாயத் திறந்தா நாட்டு விரோதம். இப்ப நானும் இந்த நாட்டுக்காரன். இனி என் நம்பர மாத்தாத."

குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதமும் நான்கு. அப்படியே தட்டினேன். உங்களைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் மழையிலும் வெயிலிலும் இரண்டே பார்த்தார், அட்டையே தேவைப்படவில்லை. அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

இன்று அதை வானத்துக்கு நேரே நீட்டினேன். இது புகைபோக்கிக்கான அட்டை, வானத்துக்கு இல்லை என்று திருத்தியிருப்பீர்கள். இரண்டா மூன்றா என்று கொஞ்சம் தயங்கினேன். பக்கத்து மாடி அக்கா என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். நம்ம புகை இல்லையாமே என்றார்.

"யார் வீட்டுப் புகையா இருந்தா என்ன அக்கா," என்றேன். "மூணு."