சின் நாட்டை எங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்த சாருக்கு

சார்,

பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் உங்களுக்குக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் காற்றில் அறுந்து விழுந்துவிட்டது. நைனா அதை எடுத்துவந்து எங்கள் கூரையில் ஒழுகும் இடத்தில் போட்டிருக்கிறார். படுத்தால் நேர் மேலே உங்கள் முகம், அதற்குக் கீழே 'கட்டுப்பாட்டின் சிகரமே'. நேற்று மழையில் உங்கள் மீசைப் பக்கம் மட்டும் சொட்டியது.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா. யோசித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் பழைய சீனாவின் சின் நாட்டைப் பற்றி நடத்தினீர்கள். மேற்கு ஓரத்தில் குதிரை மேய்த்தவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்த நாடு. அதன் மந்திரி ஒருவர் குடும்பங்களை ஐந்து ஐந்து வீடுகளாகப் பிணைத்தார். ஒரு வீடு தப்புச் செய்து மற்றவை சொல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் தண்டனை. அப்படியே வளர்ந்து ஆறு நாடுகளை விழுங்கியது. சீனா என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்றீர்கள். "அதாண்டா நாடு!" என்று மேசையைத் தட்டினீர்கள். மறுநாள் எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தீர்கள்.

ஏரியில் இறால் கிடைக்கும் நாட்களில் அம்மாவோடு நானும் இறங்க வேண்டும். தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைக்கூடையான பறிக்குள் போடுவோம். வாயில் பறி இருந்தால் யாரோடும் பேச வேண்டாம். எனக்கு அது சௌகரியம்.

நான் வராத நாட்களில் என் ஐவரில் மற்ற நால்வரும் வெயிலில் முட்டி போட்டார்கள். அவர்களில் ரசியா முதலில் சிரித்தாள். "நீ எறா புடிக்கிறதுக்கு நாங்க இன்னாத்துக்குடி காயணும்? நாங்க இன்னா கருவாடா?" பிறகு சிரிக்கவில்லை. ஒருநாள், முந்தின நாள் ஏன் வரவில்லை என்று நீங்கள் என்னைக் கேட்டதும் அவள் எழுந்து, "காய்ச்சல்னு பொய் சொல்றா சார், ஏரிக்குத்தான் போனா" என்றாள். "சபாஷ்! இப்படித்தான் சொல்லணும்" என்று அவளை மட்டும் உட்காரச் சொன்னீர்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். நான் இல்லாவிட்டால் அவர்களை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் இடத்தில் வேறு ஒருத்தியை உட்காரவைத்தீர்கள்.

நீங்கள் நடத்தாமல் விட்டதைப் பிறகு போனில் படித்தேன். ஆறு நாடுகளையும் விழுங்கிய பின் அந்த ராஜ்ஜியம் பதினைந்து வருடம்தான் இருந்தது. வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன ஆட்கள் மழையில் வழியில் மாட்டிக்கொண்டார்கள். தாமதமாகப் போனால் தலை போகும். எப்படியும் சாவுதான் என்று ராஜ்ஜியத்தையே எதிர்த்து நின்றார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு மழை பெய்யும் என்பது தெரியவில்லை. தூ! இதற்கா மேசையைத் தட்டினீர்கள்?

அடுத்து வந்த ராஜாக்கள் சின் நாட்டைத் திட்டிக்கொண்டே அதன் சட்டங்களில் பாதியை வைத்துக்கொண்டார்களாம். உங்கள் இடத்துக்கு வந்த சாரும் அப்படித்தான். பழைய சார் முரடு என்கிறார். ஐந்து ஐந்து பேரை மட்டும் கலைக்கவில்லை.

இப்போது என் தங்கை அங்கே ஒன்பதாவது. இந்த வாரம் அவளும் ஏரிக்கு வந்தாள். சாயங்காலம், "நான் இனிமே பள்ளிக்கூடம் போகலக்கா. என்னால அதுங்க முட்டி போடுதுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் அவளோடு பள்ளிக்குப் போனேன். அவள் வராததற்காக அவளுடைய ஐவரில் மற்ற நான்கு பெண்கள் வாசலில் முட்டி போட்டிருந்தார்கள். புதுச் சார் முன்னால் போய் நின்றேன்.

"யாரும்மா நீ?"

"இவ அக்கா, சார். இவ வராத நாளுக்கு நான் வந்து முட்டி போடுறேன். இதுங்கள உடுங்க."

மண்ணில் முட்டி போட்டேன். வகுப்பே எட்டிப் பார்த்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். நான்கு பேரும் எழுந்து போகும்வரை நான் எழவில்லை. கடைசியில் அவர்களை உள்ளே அனுப்பினார். என் தங்கையும் பின்னால் போனாள்.

நாளை அவர் மறுபடியும் ஆரம்பிக்கலாம். அப்போதும் போவேன். உங்கள் வகுப்பில் ஒருநாள்கூட வாய் திறக்காதவள் நான். அன்று அந்த வாசலில் கேட்ட குரல் என்னுடையது. அதை வைத்திருக்கிறேன் சார். அது நீங்கள் கொடுத்ததில்லை.