குழிவாசலில் நிற்பவன் எழுதுவது

என்ர ஆசை மச்சான் தவம்,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால்காரன் வாறவனோ தெரியாது. வராட்டிலும் பரவாயில்லை. முரசுமோட்டை முழுக்க இதை வாசிக்கப் போகுது. உன்ர மகள் நிலானி இந்தக் கடிதத்தை அரிசி மில்லிலை, குழிக்குப் பக்கத்துச் சுவரிலை ஒட்டப் போறாளாம். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்ர எழுத்து சுவரிலை ஏறுதெண்டால் சும்மாவே?

முதலிலை ஊர்ப் புதினம். இந்தப் போகம் நெல் நல்ல விளைச்சல். தங்கச்சி வசந்திக்கு, அதுதான் உன்ர மனிசிக்கு, முழங்கால் நோ, மற்றும்படி சுகம். நீ போகேக்கை ரெண்டாம் வகுப்புப் படிச்ச நிலானி இப்ப அதே மில்லிலை மேற்பார்வையாளர். தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிண்டாளெண்டால் மில்லின்ர சத்தமே குறையும். எனக்குத் தலைமயிர் வெளுத்தது, நாக்கு மட்டும் பழையபடி.

எனக்கும் இப்ப உத்தியோக உயர்வு. நான்தான் குழிவாசல் ஆள். கிளிநொச்சி மாவட்டத்திலையே இப்பிடியொரு உத்தியோகம் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். வேலை என்ன தெரியுமே? ஊறல் தண்ணிக் குழிக்குள்ளை ஒருத்தர் இறங்கினால், அவர் ஏறி வருமட்டும் வாசலிலை நிக்கிறது. பீடி பத்தக்கூடாது, போனிலை கதைக்கக்கூடாது, ஒண்டுக்குப் போறதெண்டாலும் உள்ளை நிக்கிறவரை மேலை எடுத்துப்போட்டுத்தான் போகோணும். என்ன நடந்தாலும் நான் மட்டும் உள்ளை இறங்கக்கூடாது.

“இறங்காமல் நிக்கிறதுக்கோ சம்பளம்?” எண்டு கேட்டன்.

“ஓம் மாமா. அதுதான் கஷ்டமான வேலை,” எண்டாள் உன்ர மகள்.

அந்தக் குழியை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. புழுங்கல் நெல் ஊறவைச்ச தண்ணியெல்லாம் போய்த் தேங்குற அதே குழி. ஆள் நுழையிற அளவு வாய், உள்ளுக்கு ஒரு அறையின்ர அகலம், அடியிலை புளிச்ச சேறு. இப்ப அதுக்குள்ளை இறங்கிறதெண்டால் கலியாண எழுத்துமாதிரி. முதலிலை துண்டு எழுதோணும். ஆர் இறங்கிறது, ஆர் வாசலிலை, எத்தினை மணிக்கு எண்டு எல்லாரும் ஒப்பம் வைக்கோணும். தண்ணி மோட்டரின்ர கரண்டை நிப்பாட்டிப் பூட்டுப் போட்டு, திறப்பை இறங்கிறவர் தன்ர சட்டைப்பைக்குள்ளை வைக்கோணும். மிசின் வைச்சு உள்ளை நல்ல காற்று அடிக்கோணும். பிறகு காற்றுப் பார்க்கிற மீற்றரைக் கயிற்றிலை விட்டு மேலை, நடு, அடி எண்டு மூண்டு இடத்திலை பார்க்கோணும். வாசலுக்கு மேலை மூண்டுகால் இரும்பு நிலை, அதிலை கையாலை சுத்தித் தூக்கிற கப்பி. இறங்கிறவரின்ர உடம்பிலை வார்ப்பட்டி, அதிலை கயிறு.

முதல் நாள் நான் சிரிச்சனான் மச்சான். “எடி பிள்ளை, இவ்வளவும் எதுக்கு? ஒரு அரிக்கன் லாம்பைக் கட்டி இறக்கினால் காணாதே?” எண்டன்.

எங்கட ஆக்களின்ர பழக்கம் அதுதானே. கிணறு கலக்கி இறைக்க முன்னம் லாம்பை இறக்கிப் பார்க்கிறது. லாம்பு நூர்ந்தால் இறங்கக்கூடாது, எரிஞ்சால் இறங்கலாம். நீ இந்தக் குழிக்குள்ளை இறங்கின அண்டைக்கும் நான் உனக்காக லாம்பை இறக்கினனான். லாம்பு நல்ல வடிவா எரிஞ்சது. “நூரேல்லை மச்சான், இறங்கு!” எண்டு நான்தானே சொன்னனான்.

நிலானி சிரிக்கேல்லை. “மாமா, லாம்பு எரிய ஒட்சிசன் இருந்தால் போதும். பக்கத்திலை நஞ்சுக் காற்று நிக்குதோ எண்டு அதுக்குத் தெரியாது. சேத்துக்குள்ளை இருந்து வாற காற்று முதலிலை கூழ்முட்டை மாதிரி மணக்கும். பிறகு மணக்காது. காற்று நல்லா வந்திட்டுதெண்டு நினைப்பியள். உங்கட மூக்குத்தான் செத்திருக்கும். அந்த லாம்புக்கு அண்டைக்குக் குழி வெடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.”

அவள் சொல்லிப்போட்டுப் போயிட்டாள். சண்டையிலை செல்லடிக்குத் தப்பி, முகாமுக்குத் தப்பி, தகரக் கொட்டில் போட்டு நிமிர்ந்த உன்னை, எரியிற லாம்பைக் காட்டி இறக்கினவன் நான். இதை நீ எப்பவாவது யோசிச்சனியோ? அங்கை யோசிக்க நேரமிருக்குமே?

இனித்தான் பெரிய கதை. நீ உள்ளை மயங்கி விழுந்த பிறகு நடந்ததெண்டு நான் ஊருக்குச் சொன்னது இது. மூச்சை அடக்கிக்கொண்டு குழிக்குள்ளை குதிச்சன், உன்னை மடியிலை தூக்கினன், நீ கண்ணைத் திறந்து “வசந்தியையும் பிள்ளையையும் பார் மச்சான்” எண்டு சொல்லிக் கண்ணை மூடினாய். செத்தவீட்டிலை ஒருக்காச் சொன்னது. பிறகு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்தது. பூநகரிக் கடலிலை நான் அரைமணித்தியாலம் மூச்சடக்கினவன் எண்ட கதையையும் அதோடை சேர்த்துக் கட்டினன். கேக்கிறவை வாயைப் பிளக்கேக்கை எப்பிடியடா நிப்பாட்டிறது?

நடந்தது என்னெண்டு உனக்குத் தெரியாது. நீ அடியிலை கிடந்தனி. நான் குதிக்கத்தான் ஓடினனான், அது உண்மை. நெல் காயப்போட்டுக்கொண்டு நிண்ட ராசம்மாக்கா பலகையை எறிஞ்சுபோட்டு வந்து என்ர இடுப்புச் சாரத்தைப் பின்னாலை இழுத்துப் பிடிச்சா. “ஏய்யா, ஒரு பொணம் போதாதா? ஒன்னையும் யாரு தூக்குறது?” எண்டு கத்தினா. மலையகத்துக் குரல், மில் தகரம் அதிர்ந்தது. அவா என்னைப் பிடிக்கேல்லை மச்சான், சாரத்தைத்தான் பிடிச்சவா. நான் சாரத்தை விட்டிட்டுக் குதிச்சிருக்கலாம். குதிக்கேல்லை. அவிண்ட சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரையிலை நிண்டனான். பக்கத்து வயல் ஆக்கள் ஓடிவந்து தண்ணியை இறைச்சு, கொழுக்கி போட்டு உன்னை எடுக்குமட்டும் நிண்டனான்.

அந்தக் கட்டின முடிச்சை மறைக்கத்தான் இவ்வளவு கதையும்.

போன மாதம் செல்வம் எண்ட தம்பி சேறு வழிக்க இறங்கினான். கலியாணம் முடிச்சு ஒரு வருசம். துண்டு எழுதி, காற்று அடிச்சு, மீற்றர் பார்த்து எல்லாம் சரி. வாசலிலை நான், கப்பி சுத்தக் குகன் எண்ட பொடியன். செல்வம் சேத்தைக் கிண்டக் கிண்ட அதுக்குள்ளை கிடந்த காற்று கிளம்பியிட்டுது. அவன்ர நெஞ்சிலை இருந்த மீற்றர் கத்தத் தொடங்கிச்சு. “செல்வம், ஏறடா!” எண்டு கத்தினன். அவன் ஏணியிலை ஒரு கை வைச்சான். அப்பிடியே சரிஞ்சிட்டான்.

குகன் கப்பியை விட்டான். செருப்பைக் கழட்டி எறிஞ்சான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

“எங்கையடா போறாய்?”

“நீங்கள் தவமண்ணைக்கு இறங்கினியள்தானே அண்ணை! மூச்சை அடக்கிக்கொண்டு நானும் இறங்குறன்!”

மச்சான், என்ர பொய் என்ர கண்ணுக்கு முன்னாலை செருப்பைக் கழட்டினதை அண்டைக்குப் பார்த்தன். ரெண்டு கையாலையும் அவன்ர பெல்ட்டைப் பிடிச்சன். “நான் இறங்கேல்லையடா! அவ்வளவும் பொய்! கரையிலை நிண்டனான்! இறங்கியிருந்தால் இண்டைக்கு உன்னைப் பிடிக்க நான் இருப்பனே? சுத்தடா கப்பியை!”

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டன். பிறகு சுத்தினான். நானும் சேர்ந்து சுத்தினன். ஈரச் சாக்குமாதிரிச் செல்வம் மேலை வந்தான். நிலானி ஓடிவந்து அவனைக் காற்றுப் பக்கம் கிடத்திப்போட்டு அம்புலன்சுக்குப் போன் அடிச்சாள். ஆசுப்பத்திரியிலை மூண்டு நாள். இப்ப எழும்பி நடந்து திரியிறான், என்னைக் கண்டால் இளிக்கிறான்.

எல்லாருக்கும் முன்னாலை நான் கத்தினது நிலானியின்ர காதிலையும் விழுந்திட்டுது. அண்டையான் துண்டின்ர அடியிலை “வாசல் ஆள் இடத்தை விட்டு அசையவில்லை” எண்டு எழுதி, என்னட்டைக் காட்டி ஒப்பம் வாங்கினாள். போகேக்கை மட்டும் சொன்னாள்: “அம்மாட்டை நீங்கள்தான் சொல்லோணும் மாமா.”

வசந்தி குசினியிலை தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். ஆனையிறவிலை ஒரே தரத்திலை மூண்டு உப்புமூட்டை தூக்கினவனுக்கு அந்தக் குசினி வாசல் தாண்ட ஏலாமல் போச்சு. வாசலிலை நிண்டுதான் சொன்னன். இறங்காததைச் சொன்னன். நீ அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லேல்லை எண்டதையும் சொன்னன். அவள் துருவிறதை நிப்பாட்டேல்லை.

“தெரியும் அண்ணை.”

“என்னெண்டு தெரியும்?”

“குழிக்குள்ளை இடுப்பளவு தண்ணி எண்டு எல்லாரும் சொன்னவை. நீங்கள் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழேக்கை உங்கட சாரம் காய்ஞ்சு கிடந்தது.”

“பின்னை ஏனடி இவ்வளவு காலமும் கேக்கேல்லை?”

“அவர் அப்பிடிச் சொன்னவர் எண்டது எனக்கு வேணுமாயிருந்தது.” துருவலைக் கையாலை ஒதுக்கினாள். “உண்மையிலை கடைசியா என்ன சொன்னவர்?”

சொன்னன். ஏணியிலை கால் வைக்கேக்கை நீ குடிச்சு மிச்சம் விட்ட தேத்தண்ணியைக் காட்டினாய். “மச்சான், ஆறப்போகுது, மூடிவை. இந்தா வாறன்” எண்டாய்.

வசந்தி சிரிச்சாள். சிரிச்சுக்கொண்டே சீலைத்தலைப்பாலை முகத்தை மூடினாள். “அதுதான் அவர்,” எண்டாள். “ஆறின தேத்தண்ணி குடிக்கவே மாட்டார்.” அவளுக்கு உன்னைத் திருப்பிக் குடுத்த மாதிரி இருந்தது எனக்கு. இது கூட்டிச் சொல்லேல்லை மச்சான். இது உள்ளபடி.

ராசம்மாக்காவிட்டையும் போனன். அவாவுக்கு இப்ப காது கேக்காது. நான் சொன்னதெல்லாம் கேட்ட மாதிரித் தலையாட்டிப்போட்டு, “சாரத்த நல்லா கட்டிக்கய்யா” எண்டு மட்டும் சொன்னா.

இனி உனக்கு என்ர வாக்கு. மூச்சடக்கின கதை இண்டையோடை சரி. மூட்டை தூக்கின கதையை மட்டும் விட்டுத்தா, அது ஒருத்தரையும் கொல்லாது. ஒவ்வொருத்தரும் இறங்க முன்னம் அவைக்கு உன்ர கதையை, லாம்பையும் சாரத்தையும் மறைக்காமல் சொல்லுவன். இறங்கிறவரின்ர தேத்தண்ணியை மூடி என்ர காலடியிலை வைச்சுக்கொண்டு நிப்பன். அது ஆற முதல் அவரை மேலை எடுத்துக் குடிக்க வைப்பன்.

உன்ரதை மூடித்தான் வைச்சனான் மச்சான்.

சாரம் நனையாமல் கரையிலை நிண்ட,
வசந்தியின்ர அண்ணன்,
உன்ர மச்சான் கணேசு