அடுக்குச் செவ்வரத்தையில் தனிக்கொப்பு

யூன் 17, செவ்வாய்
மேற்கிலிருந்து சூடாகக் கச்சான் காற்று. காலையிலேயே வேர்வை. லிங்கநகர் அறையில் ஃபான் சுற்றுகிறது, பிரயோசனமில்லை.

வீட்டுக்காரி ராசேஸ் அன்ரியின் முற்றத்துச் செவ்வரத்தை (செம்பருத்தி): மரம் முழுக்க அடுக்குப் பூ. ஒரே ஒரு கொப்பில் மட்டும் ஐந்திதழ், நடுவில் மகரந்தத்தோடு ஒழுங்கான கேசரம். ஒரே மரம், ஒரே ஜீன்கள். அடுக்குப் பூவில் கேசரத்துக்கான ஜீன் நேரத்துக்கு இயங்கவில்லை, அதனால் கேசரம் இதழாகிறது. தனிக்கொப்பில் திரும்ப இயங்குகிறது. என் ஊகம்தான். நிரூபிக்க 4 மி.மீ. மொட்டு வேண்டும். அதற்கு மேல் பிந்திவிடும்.

அந்தக் கொப்பில் சரிவரக்கூடியவை மூன்றே மொட்டு. அடையாளத்துக்கு நூல் கட்டினேன். கடையில் மஞ்சள் நூல்தான் இருந்தது.

ஆய்வுக்குப் பொறுப்பான சேர் போனில்: "மூண்டுக்குக் குறைஞ்சா அனுப்பவே வேண்டாம்." வெள்ளி பகல் கம்பஸ் வாகனம் வரும், மொட்டை உறையவைக்கும் திரவ நைதரசனோடு. அடுத்த முறை எப்போது? தெரியாது.

வாங்க: சவர்க்காரம், பிளேட், பற்றரி.

யூன் 18, புதன்
2.5, 2.5, 3 மி.மீ. உடுப்புத் தோய்த்தாயிற்று.

பின்னேரம் பார்த்தால் ஒவ்வொரு மொட்டிலும் இரண்டு நூல்.

"அன்ரி, இது ஆர் கட்டினது?"

"நான்தான் தம்பி. ஆரோ நேர்த்தி வைச்சுக் கட்டியிருந்தினம். அம்மாள்தான் காட்டுறா எண்டு நானும் சுதாவுக்காகக் கட்டினன்."

சுதா மகள். கந்தளாயில் கலியாணம் செய்து ஆறு வருடம், பிள்ளை இல்லை.

"முதல் கட்டினது நான். அடையாளத்துக்கு."

"நீங்களோ! கோயில் வாசலே தெரியாத ஆள்!" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எண்டாலும் கட்டினது கட்டினதுதான். பூத்து அம்மாளுக்குப் போகோணும். வெட்ட ஏலாது."

யூன் 19, வியாழன்
மூன்றும் ஏறக்குறைய 3.5. துறைமுகத்தில் ஏதோ கப்பல், காலை முழுக்கச் சங்கு.

பிழை என்னுடையது. மஞ்சள் நூல் கட்டினால் இந்த ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? அடுக்கு மொட்டு எத்தனையும் வெட்டலாமாம். பெரிய உபகாரம். ஒப்பிட மற்றது வேண்டுமே.

அன்ரி ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போவார். அந்த நேரம் வெட்டலாம். யோசித்தேன்.

யூன் 20, வெள்ளி
மூன்றும் 4. வெட்டவில்லை. அன்ரி கோயிலால் வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்பிடி என்ன கிடக்கு அதுக்குள்ள?"

சொன்னேன். பொறுமையாகத்தான்.

"அப்ப மற்றப் பூவுக்கு அந்தச் சாமான் இல்லையோ?"

"இருக்கு அன்ரி. பழுதாகேல்ல. வேலை செய்யவேண்டிய நேரத்தில செய்யேல்ல."

"இந்தக் கொப்பில செய்யுது."

"ஓம்."

அன்ரி கொப்பைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். பிறகு தன் நூல் மூன்றையும் தானே அவிழ்த்துக் கைப்பையில் போட்டார். "வெட்டுங்கோ. என்னெண்டு பாத்து எனக்கும் சொல்லோணும்."

11.50. மூன்று குழாயும் நைதரசனுக்குள். சேருக்கு மெசேஜ் போட்டாயிற்று.

திரும்பி வந்தால் அடுப்படியில் அன்ரி போனில், சுதாவோடு: "பழுதொண்டும் இல்லையாம் பிள்ளை. நேரம்தானாம். எங்கட படிச்ச தம்பிதான் சொன்னவர்."

நான் சொன்னது பூவைப் பற்றி. அதுகூட இன்னும் நிரூபிக்காதது. போய்ச் சொல்லவேண்டும். கதவடி வரை போனேன். அன்ரி சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

வந்து மொட்டு வெட்டின பிளேட்டைக் கழுவினேன்.