அழிக்க வேண்டாம் என்றீர்கள்

அக்கா, உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு இன்று காலை உங்கள் மகள் பதுளைக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். பதிவைப் போட்டதும் முதலில் வந்தது பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பிறகுதான் நீங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்ய நான் உங்கள் லயத்து வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாளும் உங்கள் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உங்களைக் கேட்டால் அவர் பதில் சொன்னார். நான்காம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு, "டீச்சர், பீலிக்கு வாங்க" என்றீர்கள். அங்கேதான் பேசினீர்கள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் காலைகள், அட்டைக்கடி, மழையில் எடுத்த கொழுந்து. பிறகு, நான் கேட்காமலே, அந்த ஒரு நாள்.

நான்கு மாதக் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் அப்புத்தளைக்கு நடந்து, கொழும்பு ரயிலில் ஏறியிருக்கிறீர்கள். கணவர் கையால் அடிபட்ட தோளைச் சேலையால் மூடிக்கொண்டு. திரும்பி வரும் எண்ணமே இல்லாமல். ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் மார்பில் பால் கட்டிக்கொண்டது.

"பாசத்துல திரும்பலை டீச்சர். வலி தாங்கலை. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டேன். அம்புட்டுதான்."

தண்டவாளத்தோரமாகவே நடந்து, பிள்ளைக் காம்பரா மூடும் முன் வந்து சேர்ந்தீர்கள். யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நாற்பது வருடம் அதே லயம், அதே அறை, அதே கை.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மகள் இதைக் கேட்கவே கூடாது என்றீர்கள். அப்படியானால் அழித்துவிடட்டுமா என்றேன்.

"வேணாம். நான் ஒருக்கா போனேன்னு எங்கயாச்சும் இருக்கட்டும்."

இன்று அந்த இடம் வருவதற்கு முன்பே நிறுத்தினேன். இவ்வளவுதானா என்று உங்கள் மகள் கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நாளைச் சேர்க்காமல் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த உங்கள் கதையைப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதையும் எழுதுங்க டீச்சர். எங்கம்மா எங்கள விட்டுட்டு எங்கயும் போகணும்னு நெனைச்சதே இல்ல."

பேனா என் கையில்தான் இருந்தது. எழுதினேன். அவர் அதற்குக் கீழே, கதையை வெளியிடச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வரியை வெட்டினால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். விட்டுவைத்தால் உங்கள் பெயராலேயே உங்களைப் பொய்யாக்குகிறேன். மாலையாகிவிட்டது, தாள் மேசையிலேயே கிடக்கிறது.

நீங்கள் போய்விட்டீர்கள், அக்கா. அதற்கு முன்பும் ஒருமுறை போனீர்கள் என்பது இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.