ஆடிக்கு முன் ஒரு பல்

9 ஜூலை 1963, செவ்வாய்

விடாத மழை. மாட்டுங்கா ஸ்டேஷனில் வண்டி லேட். ஆபீசில் டைப் அடிக்க அடிக்க வலது கீழ்க் கடைவாய்ப் பல் விண்விண் என்று தெறித்தது. கிராம்புத் தைலம் வைத்தேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். அடுத்த புதன் ஆடி பிறக்கிறது. அதற்குள் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆவணிதான். மறுபடி சொஜ்ஜி, மறுபடி பஜ்ஜி.

பல் வலி என்றேன்.

"எனக்குந்தான் வருஷமா வலிக்கறது. ஊரையா கூட்டினேன்?" என்றாள். அப்பளத்தை ரசத்தில் ஊறவைத்துத்தான் தின்கிறாள், பாவம்.

11, வியாழன்

ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. ஆபீசுக்கு மட்டம். யாரிடமும் சொல்லாமல் மாட்டுங்கா சர்க்கிள் பக்கத்துப் பல் டாக்டரிடம் போனேன். அடியில் சீழ், இன்றே எடுத்துவிடலாம் என்றார். அப்பாவைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். சம்பாதிக்கிறேன், வயது இருபத்துநாலு, பல்லுக்கு அப்பாவைக் கேட்க வேண்டும்!

டாக்டர் வாசல்வரை வந்து சொன்னார்: "தாடைக்குக் கீழ வீக்கம் இறங்கினாலோ, வாய் திறக்க வரலேன்னாலோ, எச்சில் முழுங்க முடியலேன்னாலோ, எனக்காகக் காத்துண்டிருக்காதே. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எந்த நேரமானாலும் சரி."

வீட்டில் கேட்டேன். அப்பா, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்: "ஞாயிறு ஆகட்டுமே."

அம்மா: "இப்போ பிடுங்கினா கன்னம் வீங்கிக்கும். பல்லு போன பொண்ணுன்னு பேராயிடும்."

12, வெள்ளி

கன்னம் பன் மாதிரி. அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். சுகமாக இருந்தது. வீக்கம் இன்னும் பெரிதானது.

பாக்கி வேலை: பட்டுப்புடவை இஸ்திரி. ஜாக்கெட் கை பிரிக்கணும். தலைவலி மாத்திரை.

காய்ச்சல் போல. எதிலும் மனம் நிற்கவில்லை. ஜன்னல், கண்ணாடி, மறுபடி ஜன்னல்.

13, சனி

காலையில் வலி சட்டென்று நின்றது! பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க அப்பாவை விரட்டினாள் அம்மா.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் தாடைக்கு அடியில் கெட்டியாக வீக்கம். வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது. டாக்டர் சொன்னதில் இரண்டு ஆயிற்று. அம்மாவிடம் சொன்னேன்.

"வலிதான் நின்னுடுத்தே, இன்னும் என்னடி?"

பயமாக இருக்கிறது. அழுதால் நாளைக்குக் கண் வீங்குமாம், அதுவும் கூடாது.

16, செவ்வாய். ஆஸ்பத்திரி

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

ஞாயிறு. தலைப்பை வலது கன்னத்தோடு இழுத்துவிட்டு அம்மா உட்கார வைத்தாள். பையன் எப்படி? பார்க்கவே இல்லை. எச்சில் உள்ளே இறங்கவில்லை, கைக்குட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோ," பையனின் அம்மா.

"தொண்டை கட்டிண்டிருக்கு அவளுக்கு," அம்மா.

"ரெண்டு வரி போறும்."

டாக்டர் சொன்னதில் மூன்றாவதும் ஆயிற்று. சபையில் உட்கார்ந்து சாக மாட்டேன் என்று தோன்றியது. எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் "ஜெயா! ஜெயா!" என்று அம்மாவின் குரல். மழையில் பட்டுப்புடவையோடு டாக்சியை நிறுத்தினேன். டிரைவர் எங்கே என்கிறான், எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா ஓடிவந்து ஏறி, "அஸ்பதால் சலோ, ஜல்தி!" என்றார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

தாடைக்கடியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். பல்லும் போயிற்று. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று மராத்தி டாக்டரம்மா அப்பாவை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். செம்பூரிலிருந்து தகவல் இல்லை. நாளை ஆடி. அப்பாடா.

இப்போது அம்மா பக்கத்தில். பிளாஸ்க்கில் கஞ்சி. என் தாடைக் கட்டைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். "வலி நின்னா சரியாயிடுத்துன்னுதான்டி நெனச்சேன்." கோபம் வந்தது. அவள் மூக்கைச் சிந்தியதும் போய்விட்டது.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். இடது தாடையோரம் லேசாக உப்பியிருக்கிறது.

"உன் பல் எப்படிம்மா இருக்கு?" வாய் இன்னும் திறக்க வராமல் பல்லிடுக்கால் கேட்டேன்.

"அதுவா? நேத்திலேர்ந்து வலியே இல்லே. ஆடி கழியட்டும், காமிச்சுக்கறேன்."

கைதட்டி நர்ஸைக் கூப்பிட்டேன்.