தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த பார்சலைப் பிரித்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: உன் அண்ணன், உன் அக்கா, அக்கா வீட்டுக்காரர், தைத்த துணியைக் கொடுக்க வந்த தையல்காரம்மா, நான். ஆக ஐந்து பேர். தையல்காரம்மா பாதியில் போயிருக்கலாம். போகவில்லை.

தப்பு என்னுடையது. நீ அனுப்பும் அத்தியாயங்களைப் படித்து, பென்சிலால் குறித்து, பதிப்பகத்துக்கு நானே தபாலில் சேர்ப்பதுதானே நம் ஏற்பாடு? அனுப்புநர் என்று எப்போதும் உன் விலாசத்தைத்தான் போடுவேன். இந்த முறை கை தானாக நம் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டது. அவர்களும், கடைசி அத்தியாயத்தையும் சேர்த்து முழுசாக அனுப்பச் சொல்லி உன் பெயருக்கு ஒரு கடிதம் வைத்து, கட்டு முழுவதையும் இங்கே திருப்பிவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்காரர் உரக்கப் படித்தார். மேல்மாடி அறை, கட்டிய கைகள், "கெஞ்சு, கேட்கிறேன்" என்று அவன் சொல்வது, எல்லாம். உன் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தியதும் "அப்புறம்?" என்றாள்.

உன் அண்ணன் ஓரக் குறிப்பைப் பார்த்துவிட்டார். "'இதற்குள் முடித்துவிட்டாயே, இன்னும் கொஞ்சம் இழு'ன்னு எழுதியிருக்கான் பாரு! திருத்துறவன் இவளை விடக் கேடுகெட்டவனா இருப்பான் போல."

அந்தக் கேடுகெட்டவன் நான்தான். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகாமல் செய்தித்தாளைப் பார்த்து எழுதிப் பழகியவள், என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷத்தில், நாட்காட்டியில் நான் குறிக்கும் எண்களைத் தவிர என் கையெழுத்து எதையும் அவர் பார்த்ததில்லை.

முடிவு இதுதான்: இந்த மாதிரி இனி எழுதமாட்டேன் என்று நீ எழுதிக் கொடுக்கும்வரை வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனால் உன் கதைகளுக்குக் குறிப்பு எழுதி வைக்கும் என் நோட்டில் ஒரு சந்தேகம் நிற்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்த அறையின் தாழ்ப்பாள் உள்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் வெளியே போக முடியாதவளைப் போலக் கதவின் முன் அழுகிறாள். எது சரி? தினமும் ஒரு மணி நேரம் பிரார்த்தனை செய்கிறவள், பால் பொங்கி வழிவது தெரியாமல் இதைப் படித்துக்கொண்டு நின்றேன். அது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்த கையோடு எழுதுகிறேன். தாளில் தூசு இருந்தால் ஊதிவிடுங்கள்.

தாழ்ப்பாளில் தப்பில்லை. மூன்றிலும் உள்பக்கம், ஒன்பதிலும் உள்பக்கம். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். படிக்கிறவளுக்கும் தெரியும், மறந்த மாதிரி இருப்பாள். அந்த மறதிக்காகத்தான் புத்தகத்தை வாங்குகிறாள்.

பஸ்ஸில் எவனாவது உரசினால் செருப்பைக் கழற்றுகிறவள் நான். அந்த மேல்மாடிக்காரன் நிஜத்தில் வந்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன். கதையில் அவன் நான் நிறுத்திய இடத்தில் நிற்பான். பயம் வேண்டிய மட்டும் வரும், போதும் என்றால் மூடி வைக்கலாம். பொழுதெல்லாம் எல்லோருக்காகவும் முடிவு செய்து அலுத்தவளுக்கு ஒரு மணி நேரம் அந்த வேலை இல்லை. அதையும் அவளே முடிவு செய்கிறாள். நீங்கள் பாலை வழியவிட்டது இதற்காகத்தான்.

போன வாரம் ஒரு டீச்சரம்மா, புதுக் கண்ணாடியில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்கப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். செய்தித்தாள் அட்டை போட்டிருந்தது. உள்ளே என்னுடையது! "நல்லா தெரியுதும்மா" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கமாட்டேன். வீட்டுக்கும் வரமாட்டேன். நீங்கள் பேசாமல் இருந்ததில் கோபமில்லை. தண்ணீர் கொடுத்ததைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வலித்தது. அன்று கூடத்தில் என் பக்கம் ஒருவர் இருந்திருக்கிறார், இருந்தும் இல்லை.

கடைசி அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. உங்கள் பென்சில் இல்லாமல் முடித்துக்கொள்கிறேன். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், உங்களுக்கும் நல்லது.

உங்கள்
சின்னவள்


மார்ச் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

நோட்டைக் கிழிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடத்து மேசையில் வைத்தேன். இருந்தவர்கள்: உன் அண்ணன், அக்கா, அக்கா வீட்டுக்காரர், நான். தையல்காரம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதல் பாதியைக் கேட்டவர் மீதியையும் கேட்கட்டுமே.

"ஆறு வருஷம், பதினோரு புத்தகம். பென்சில் என்னுது" என்றேன்.

உன் அக்கா, "பிரார்த்தனைக் கூட்டத்துல முன்னாடி உட்கார்ந்து படிக்கிறவளா நீ?" என்றாள்.

"ஆமா. கடவுளுக்கு ஆறு வருஷமாத் தெரியும். உங்களுக்குத்தான் இப்போ சொல்றேன்."

தையல்காரம்மா எழுந்து போகும்போது என் காதில், "பதினொண்ணுல எதை முதல்ல படிக்கலாம்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் உட்காருகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே நான் பேசியிருக்க வேண்டும். பேசாதது தப்பு. மன்னித்துக்கொள்.

உன் அண்ணன் நாலு நாள் என்னோடு பேசவில்லை. உன் அத்தியாயக் கட்டை நூல் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தேன், நூலின் முடிச்சு நான் போட்டது இல்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்தப் பொண்ணு கடைசியில வெளியே போறாளா, இல்லையா?"

"தெரியலை. கடைசி அத்தியாயம் வரலை."

"தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கு?"

"உள்பக்கம்தான்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமா, கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. உன்னை வரச் சொல் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வா. கதவை நான் திறக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை இந்த விலாசத்துக்கு, என் பெயரிலேயே அனுப்பு. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். அனுப்புவதாக இருந்தாலும், இல்லை என்றாலும், சீக்கிரம் பதில் போடு.

அண்ணி