தாரை வார்க்க முடியாத கை

பெருந்துறை

ருக்குமணிக்கு,

நீயும் மகள் லோகுவும் சுகந்தானே? கல்யாண வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மில்லில் விழுந்து முறிந்த மணிக்கட்டு கூடி எட்டு மாதமாகிறது. வலி இனிப் போகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நேற்று குழாய்த் தண்ணீர் பட்டதும் கத்திவிட்டேன். "ஏனுங்க, வெந்நீருங்களா?" என்று பக்கத்தில் நின்றவர் பதறினார். பச்சைத் தண்ணீர்தான். சிரித்துச் சமாளித்தேன்.

கல்யாணத்துக்கு அரைக்கைச் சட்டையே எடு. துணி உரசினாலும் எரிகிறது.

மணவறையில் நம் கைமேல் தண்ணீர் ஊற்றிப் பெண்ணைத் தாரை வார்க்கும்போதும் அப்படித்தான் கத்துவேன். அதனால் என் தம்பியும் அவன் மனைவியும் வார்க்கட்டும். நான் உயிரோடு இருந்தும் நீயும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

லோகுவிடம் நீயே சொல்லிவிடு. மில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன்.

திருமூர்த்தி